அப்பச்சியின் பத்மினியை அவருக்குத் தெரியாமல் புதுப்பிக்கலாமா?

பழைய கார்கள் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்கு, மதுரையில் பட்டறை நடத்தும் மூத்த மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் அப்பச்சியிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்) 1978-ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளையார்பட்டி, மதுரை, திருச்சி என்று அவரே ஓட்டினார். 2011-இல் ஆத்தா தவறிய பிறகு கொட்டகையில் நிறுத்தியவர், அப்புறம் எடுக்கவே இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிற தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம். அவருக்குத் தெரியாமல் வண்டியை வெளியே கொண்டுபோய்ப் புத்தம் புதிதாகச் செய்து, அன்று காலையில் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பட்டறையில் நான்கு லட்சம் கேட்கிறார்கள். "அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம், இதை எடைக்குப் போடு" என்கிறார் அண்ணன். அப்பச்சியோ வண்டிப் பேச்சை எடுத்தாலே, "காசை வீணாக்காதே" என்று எழுந்து போய்விடுகிறார். என்ன செய்ய?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வண்டியைச் செய்யுங்கள் அம்மா. எடைக்குப் போட வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் மட்டும் செய்யாதீர்கள்.

தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்காருகிற மனிதர் அவர். கொட்டகை காலியான முதல் நாளே கேட்பார். என்ன சொல்வீர்கள்? வித்துவிட்டோம் என்றா, சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறது என்றா? இந்த வேலை ஒரு வாரத்தில் முடியாது, மாதக்கணக்கில் போகும். அத்தனை மாதமும் எண்பது வயதுக்காரரை வெறும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு உட்கார வைப்பது, அன்று காலையில் கிடைக்கப்போகும் சந்தோஷத்துக்கு ஈடாகாது. பிள்ளைகள் ஆசையாகச் செய்யும் இந்தத் திடீர்ப் பரிசுகளில், வண்டிக்குச் சொந்தக்காரர் கடைசி வரைக்கும் வெளி ஆளாகவே நின்றுவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

இன்னொரு காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. அந்த வண்டியைப் பற்றி எந்த மெக்கானிக்குக்கும் தெரியாத விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். என்ஜின் ஒரு தடவையாவது போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் வேலை) பார்த்ததா? பார்த்திருந்தால் எத்தனை ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள்? கடைசியாகக் கிளட்ச் பிளேட் எப்போது மாற்றியது? சூடானால் ரேடியேட்டர் எந்தப் பக்கம் ஒழுகும்? எந்தக் கதவு மழையில் தண்ணீர் விடும்? என்ஜினைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கணக்கு எழுதுவது கூடப்பிறந்த பழக்கம். பெட்ரோல் போட்டது, சர்வீஸ் விட்டது எல்லாம் எழுதிய பழைய டைரி பீரோவில் இருக்கலாம். தேடிப் பாருங்கள். அப்படி ஒரு டைரி வைத்திருந்த வாடிக்கையாளரின் வண்டியில் எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

"வேண்டாம், காசை வீணாக்காதே" என்று அந்தத் தலைமுறை எதற்கும் சொல்லும். எதிர்த்து வாதாட வேண்டாம். கொட்டகைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்று, "அப்பச்சி, இந்தப் பானட்டை எப்படித் திறக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் எழுந்து வந்து திறந்து காட்டினால் அதுவே சம்மதம். காட்டாமல் உள்ளே போய்விட்டால் ஒரு மாதம் விட்டு மறுபடியும் கேளுங்கள். ஆத்தாவோடு போன பயணங்கள் எல்லாம் அந்த முன்சீட்டில்தான் இருக்கின்றன. அது திரும்ப ஓடுவதைத் தாங்க முடியுமா என்ற யோசனை அவருக்கு இருக்கும். அந்த முடிவு அவருடையது.

சரி, சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. புது பேட்டரி வாங்கி வந்து செல்ஃப் அடிக்கிற வேலை கூடவே கூடாது. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கூடாது. இத்தனை வருடம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடைந்து சுவரைக் கீறிவிடும். சின்ன வேலையோடு ஓடியிருக்க வேண்டிய என்ஜின் போரிங் வரைக்கும் போய்விடும்.

வண்டிக்குள் கையை விடும் முன் பகல் வெளிச்சத்தில் ஒரு தடி வைத்துச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டியில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் வரும். ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்திருக்கும். அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விட வேண்டும். பிறகு முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அசைந்தால் போதும், மறுபடி ஊற விட்டு மறுநாள் பார்க்கலாம். அசையவே இல்லை என்றால் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றுவதுதான் வழி. நல்லபடியாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இப்போது பிசினாகியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டுக்கூட கார்புரேட்டருக்குப் போகக்கூடாது. டேங்கில் துரு ஓட்டை இருந்தால் அங்கேயே கேஸ் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். வெந்நீர் ஊற்றிப் பலமுறை அலசி, தண்ணீர் நிரப்பி, இந்த வேலை தெரிந்தவர்தான் பற்ற வைக்க வேண்டும்.

என்ஜின் ஓடினதும் வீட்டில் எல்லாரும் கைதட்டுவார்கள். "ஒரு ரவுண்டு போகலாம்" என்பார்கள். பிரேக் வேலை முடியாமல் வண்டி கொட்டகை வாசலைத் தாண்டக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு வீல் சிலிண்டரையும் உள்ளே அரித்திருக்கும். பத்மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் லைன் எல்லாம் ஒரே சர்க்யூட், ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். ரப்பர் வாஷர், ஹோஸ், ஸ்டீல் பைப் எதையும் மிச்சம் பிடிக்காமல் மாற்றுங்கள். சிலிண்டர் உள்சுவர் குழிந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் என்கிற குழாய் போட்டுக்கொள்ளலாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசியை ஏர் அடித்து ஊத விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களின் நுரையீரல் விஷயம் இது. டயரில் எவ்வளவு பட்டன் தேயாமல் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2309 என்று இருந்தால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். புதிது வாங்கும்போதும் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு வந்த அளவு 5.20-14.

பாகம் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று மும்பை குர்லாவில் செய்யத் தொடங்கிய அதே வண்டிதான் எழுபதுகளில் பிரீமியர் பிரெசிடெண்ட் ஆகி, அப்புறம் பத்மினி ஆனது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கில் கை கியர், எல்லாம் அதே வம்சம். 2000 வாக்கில்தான் நிறுத்தினார்கள். மும்பையில் டாக்சியாக 2023 அக்டோபர் வரைக்கும் ஓடிற்று. அவ்வளவு ஓடின வண்டிக்கு என்ஜின் சாமான், கிங் பின் செட், கிளட்ச், ரப்பர் பீடிங் எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரியுங்கள். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், போனில் சொல்லி வாங்காதீர்கள்.

இனி பாடி. இங்கேதான் காசு போகும். பத்மினிக்குத் தனி ஷாசி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே ஷாசி. அதனால் தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடும் துருவேறி மெலிந்திருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்புப் பிரச்சினை. கால் மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும் பாருங்கள். துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வெல்டு செய்ய வேண்டும். துரு மேலேயே பட்டி வைத்துத் தேய்த்து அழகாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மழைக்காலத்தில் கொப்பளித்து வெளியே வந்துவிடும். அந்த நான்கு லட்சம் கேட்ட பட்டறையில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடைக் காட்டுவீர்களா, அப்புறம் பிரைமர் அடிப்பீர்களா?" காட்டுகிறேன் என்றால் பேசலாம். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். தொகை மொத்தமாகச் சொன்னதை ஏற்காதீர்கள். என்ஜின், பிரேக், வயரிங், டிங்கரிங், பெயிண்ட், சீட் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பத்மினியைப் புதுப்பிக்கிறேன் என்று பளபளக்கும் மெட்டாலிக் சிவப்பும் அலாய் வீலும் போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அது யார் வண்டியாகவும் இருக்கலாம், உங்கள் அப்பச்சி வண்டியாக இருக்காது. பழைய நிறம் மங்கிப் போயிருந்தால் டேஷ்போர்டுப் பெட்டிக்குள், டிக்கி ரப்பர் விரிப்புக்குக் கீழே, கதவு பீடிங்கைத் தூக்கினால் உள்ளே, வெயில் படாத பழைய நிறம் அப்படியே இருக்கும். வாட்டர் பேப்பரால் ஓரிடத்தில் லேசாகத் தேய்த்தால் எத்தனை தடவை பெயிண்ட் அடித்தார்கள் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். எந்த அடுக்கு நிறம் வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். கம்பெனி நிறமா, ஆத்தாவுக்குப் பிடித்ததென்று எண்பதுகளில் மாற்றிய நிறமா, அவர்தான் சொல்ல வேண்டும்.

சில சாமான்களைத் தொடவே விடாதீர்கள். ஸ்டியரிங் வட்டத்தில் அவர் கை தேய்த்து மழுங்கிய இடம், கை கியர்க் குமிழ், டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், ஏதாவது கேட் தூணில் இடித்த சின்ன நெளிவு. பட்டறைக்காரர் "இதையும் மாத்திடலாம்மா" என்பார், நல்லெண்ணத்தில்தான் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பக்க நீள சீட்டை ரெக்ஸினில் புதிதாகத் தைக்கலாம், உள்ளே ஸ்பிரிங்கையும் தேங்காய் நார்ப் பஞ்சையும் சரி செய்யலாம். தனித்தனிச் சீட்டாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆத்தா உட்கார்ந்த இடம் அது.

இதெல்லாம் தை மாதத்துக்குள் முடியுமா? எல்லாம் முடியாது. என்ஜின், பிரேக், வயரிங், டயர் முடியும். ஓடுகிற வண்டி, பிரேக் மிதித்தால் நிற்கிற வண்டி, நிறம் மட்டும் பழசு. சதாபிஷேகத்துக்கு அது போதும் அம்மா. டிங்கரிங்கும் பெயிண்டும் நிதானமாக அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம். அவசரமாக அடித்த பெயிண்டில் வேலை எப்போதும் கெடும். நான்கு லட்சமும் ஒரே நேரத்தில் தேவைப்படாது என்பது அண்ணனுக்கும் பதிலாக இருக்கும். அவர் சொல்கிற செகண்ட் ஹேண்ட் காரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

பேப்பர் வேலையை முதல் நாளே தொடங்குங்கள். ஆர்.சி. யார் பெயரில், எந்த வருடம் வரைக்கும் செல்லும் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக் காரை ஓட்டக்கூடாது என்று தடை கிடையாது, டெல்லி வட்டாரத்துச் செய்தியைப் படித்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள். பதினைந்து வருடம் தாண்டிய காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. பசுமை வரியும் இன்ஷூரன்ஸும் வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறியிருக்கிறது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சாலைப் பயன்பாட்டுக்கு இதுதான் வழி.

அன்று காலை யார் ஓட்டுவது என்பதையும் இப்போதே பேசுங்கள். பவர் பிரேக் இல்லாத வண்டி, மிதி கடினம். அவருடைய லைசென்ஸும் கண்ணும் காலும் ஒத்துழைத்தால் வீட்டுத் தெருவில் மெதுவாக அவரே ஓட்டட்டும். இல்லையென்றால் நீங்கள் ஓட்டுங்கள், கை கியர் போட அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். அதற்குக் கொஞ்சம் நாள் பழக வேண்டும். கொட்டகையில் என்ஜினை அணைத்து வைத்துக்கொண்டு கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவதை இந்த மாதமே அவரிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்.

கேள்வி: தாத்தாவின் 1965 அம்பாசடரை எடுத்திருக்கிறேன். டீசல் என்ஜின், பவர் ஸ்டியரிங், ஏ.சி. எல்லாம் போட்டு அன்றாடம் ஆபீசுக்கு ஓட்ட ஆசை. நல்ல யோசனையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்கள் கையில் இருப்பது அம்பாசடரில் மார்க் 2 என்ற மாடல். அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பிரிட்டனில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிய அதே பி-சீரிஸ் என்ஜின் குடும்பம். சரியாக ட்யூன் செய்து ஓட்டிப் பார்க்காமலே அதைத் தூக்கிப் போட நினைப்பது எனக்குச் சம்மதமில்லை.

சட்டப்படியும் யோசியுங்கள். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உங்கள் வண்டி 50 வருடம் தாண்டியது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி அதை வின்டேஜ் வண்டியாகப் பதிய முடியும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் ஷாசி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. ஒரு தடவை என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வின்டேஜ் பதிவில் ஆபீசுக்கெல்லாம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று சிலவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஆபீசுக்கு வேறு வண்டி வாங்குங்கள். தாத்தா வண்டியில் சீட் பெல்ட் பொருத்துங்கள், ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ரேடியேட்டரை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். இவை எல்லாம் நாளைக்குக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றங்கள். ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால், கடினமான வால்வு சீட் பொருத்தச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இரும்பு ஹெட் அது, 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. வேகமாக ஓட்டினால் வால்வு உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

கேள்வி: மாமாவின் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஒரு பட்டறையில் விட்டோம். பாடியைத் தூக்கி வைத்துவிட்டார்கள். இப்போது திரும்ப மாட்டினால் கதவு இடுக்கு மேலே அகலம், கீழே ஒடுக்கம். முன்பணம் முழுதும் கொடுத்துவிட்டோம், வேலை நகரவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹெரால்டு சென்னை வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. பத்மினிக்கு நேர் எதிர்: தனி ஷாசி, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஷாசியிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டியிருக்கும் இரும்புத் துண்டுகள்தான் பாடியைத் தாங்கும். அவை துருப்பிடித்தால் பாடி தொங்கும், கதவு இடுக்கு நீங்கள் சொன்ன மாதிரி மாறும். கதவைத் தேய்த்தும் கீலை வளைத்தும் சரிசெய்ய விடாதீர்கள். முதலில் ஷாசியைச் சமதளத்தில் வைத்து மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்தால் அந்தக் கைத்துண்டுகளைச் சரிசெய்து, பாடிக்கும் ஷாசிக்கும் நடுவில் பேக்கிங் கொடுத்து, கதவை மாட்டிப் பார்த்து, பிறகே போல்டுகளை முழுதாக இறுக்க வேண்டும். என்ஜின், பின் ஆக்ஸில் சாமான் பிரிட்டனில் இன்னும் செய்கிறார்கள், தபாலில் வரவழைக்கலாம்.

பணம் விஷயத்தில் இனியாவது இப்படிச் செய்யுங்கள். நேரில் போய்க் கழற்றி வைத்த ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள். கிரில், டைல் லைட் கிளாஸ், ஸ்பீடோமீட்டர், ஹார்ன் பட்டன் போன்ற சின்னச் சாமான்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை அவைதான். மீதி வேலையைப் பிரித்து எழுதி, ஒவ்வொரு கட்டமும் கண்ணில் பார்த்த பிறகு பணம் என்று பேசுங்கள். ஒத்துவரவில்லை என்றால் வண்டியை எடுத்து வந்துவிடுவது நல்லது. டிரக்கில் ஏற்றும் முன் என்ஜின் நம்பரையும் ஷாசி நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு மாமாவோடு போய் வாருங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிகளின் கதவு இடுக்கு, குரோமியம், பீடிங் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும். பட்டறையில் பேசும்போது அந்தப் பழக்கம் உதவும்.

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. கார் அவர் பெயரில் இருக்கிறது. அம்மா அதை விற்க வேண்டாம் என்கிறார். நான் ஓட்டலாமா?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன் அம்மா. அவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசு மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம் என்று விதி அனுமதிக்கிறது. இறந்த முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், விட்டிருந்தால் இந்த வாரமே போங்கள். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே எழுதுங்கள், பெயர் மாறும் முன் ஏதாவது நடந்தால் சிக்கல் வரும்.

வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து பக்கத்துத் தெரு வரைக்கும் ஓட்டுங்கள். நின்றபடி ஆன் செய்து அணைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. என்ஜின் முழுச்சூடாகாமல் சைலன்சருக்குள் தண்ணீர் நிற்கும், பிரேக்கும் அசையாது.

கேள்வி: இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை என் அண்ணனின் 1972 ஃபியட்டுக்குப் போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: போடலாம், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். எத்தனால் பழைய ரப்பரையும் கார்க் கேஸ்கெட்டையும் இளக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். டேங்கிலிருந்து ஏசி பம்ப் (என்ஜினில் உள்ள பெட்ரோல் பம்ப்), அங்கிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள ஹோஸ்களை எத்தனாலுக்குத் தாங்கும் வகையாக மாற்றுங்கள், பம்ப் டயாஃப்ரத்தையும் சேர்த்துத்தான். நடுவில் ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டால் துரு வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எத்தனாலுக்குக் காற்று குறைவாக வேண்டும், அதாவது அதே ஜெட்டில் கலவை மெலிந்து போகும். என்ஜின் இழுக்காமல் திணறினாலோ சூடு கூடினாலோ கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் கோக்கை (பெட்ரோல் வருவதை அடைக்கும் திருகை) மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஓட விட்டு அணையுங்கள். கோக் இல்லாத வண்டி என்றால் பம்ப்புக்கு முன்னால் ஒன்று பொருத்திக்கொள்ளலாம். முதல் சில நாள் ஓட்டி வந்ததும் பானட்டைத் திறந்து எங்கேயாவது பெட்ரோல் கசிகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். வாசனை வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.